சாவா மூவாப் பேராடுகளும் நம்முடைய பொக்கிஷப் பெட்டியும்



போடிநாயக்கனூரில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். விளைந்ததைக் கூடத்தில் வைத்து விலை கூறி விற்பதும் ஏலம். அறுப்பின் பண்டிகை நாளில் ஆலய வளாகத்தில் பூசணிக்காயையும் சேவலையும் வாழைத்தாரையும் உரத்த குரலில் விற்கிறோமே, அதுவும் ஏலந்தான். மலை ஏலத்தின் விலை எப்படியோ அப்படியே பண்டிகை ஏலத்தின் தொகையும் ஏறி இறங்கும். 2019 ஆகஸ்டு மாதத்தில் மலைக்கு மேலே புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. முந்திய ஆண்டின் பெருவெள்ளம் தோட்டங்களை அழித்துவிட்டிருந்ததால் சந்தைக்குச் சரக்கு வரவில்லை. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அதே ஏலக்காயின் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் ஏழில் ஒரு பங்கு! இந்தச் சரிவுகளின் அடிவாரத்தில் இருக்கும் எந்தச் சபையும், எந்தத் தருமமும், இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தப்பி வாழ முடியாது.

ஆகையால் ஒரு கேள்வி எழுகிறது. நல்ல ஆண்டிலே கைக்கு வந்த தருமப் பணத்தை என்ன செய்வது? வந்ததை வந்தபடியே ஏழைகளுக்குச் செலவழிப்பதா? வைத்துக் காப்பதா? வைப்பதென்றால் எங்கே, யார் பெயரில், எவ்வளவு காலம்? காணிக்கை கொடுப்பதைப்பற்றி நாம் கேட்ட பிரசங்கங்கள் அநேகம். கொடுக்கப்பட்ட காணிக்கை ஞாயிறு பிற்பகலில் எண்ணி முடிக்கப்பட்ட பிறகு என்ன ஆகவேண்டும் என்பதைப்பற்றிக் கேட்டவை மிகச் சொற்பம். நம்முடைய நாட்டின் வரலாறோ இதைக்குறித்து ஏராளமாகச் சொல்லுகிறது. இந்த வாரம் அதைச் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

வேதத்திலிருந்து ஒரே ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு நம் நாட்டுக்கு வருகிறேன். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தில் யோவாஸ் அரசன் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை முதலில் ஆசாரியர்கள் பொறுப்பிலேயே விடுகிறான். அவன் அரசாண்ட 23-ஆம் ஆண்டுவரைக்கும் ஒரு விரிசலும் அடைக்கப்படவில்லை. அதன்பின் யோய்தா என்னும் ஆசாரியன் மூடியில் துவாரமிட்ட பெட்டியொன்றைப் பலிபீடத்தண்டை வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் அரசனுடைய எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணுகிறார்கள். இங்கே நான் கவனிப்பது அந்த இரண்டு பேரைத்தான். ஆசாரியர்கள் திருடினார்கள் என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பணம் வந்தது, வேலை நடக்கவில்லை, அவ்வளவே. திருட்டு இல்லாமலேயே ஒரு தருமம் 23 ஆண்டுகள் தூங்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

இனி தஞ்சைக்குப் போவோம். 1010-ஆம் ஆண்டில் இராஜராஜ சோழன் கட்டி முடித்த பெரிய கோயிலின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பக்தி நூலாகப் படிப்பவர்கள் உண்டு. கலை வரலாறாகப் படிப்பவர்களும் உண்டு. அவற்றின் பெரும்பகுதி கணக்குப் புத்தகம் என்பதே என் எண்ணம். நம்முடைய பொக்கிஷதாரர்கள் ஒருமுறையாவது அவற்றைப் படிக்கவேண்டும். கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட காசுகள் அறையில் பூட்டி வைக்கப்படவில்லை. சோழமண்டலத்தின் பல ஊர்ச் சபைகள் அந்தக் காசை வாங்கித் தங்கள் ஊரின் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வட்டியைப் பணமாகவோ நெல்லாகவோ கோயிலுக்குச் செலுத்தின. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது எட்டில் ஒரு பங்கு, இக்காலக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்தச் சபை எவ்வளவு வாங்கியது, எந்தச் செலவுக்காக அந்த வட்டி ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். தணிக்கை அறிக்கையை ஆலயச் சுவரில் வெட்டிவைக்க இன்றைக்கு எத்தனை தரும ஸ்தாபனங்கள் துணியும்!

அந்தச் சுவர்களில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஒரு நந்தா விளக்கு எரியவேண்டுமானால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் கொடுக்கப்பட்டன. கோயில் அவற்றைத் தன் கொட்டிலில் கட்டிக்கொள்ளவில்லை, இடையர்களிடம் ஒப்படைத்தது. இடையர் நெய் அளக்கவேண்டும். ஆடுகளின் எண்ணிக்கை 96-க்குக் குறையாமல் காக்கவேண்டும். கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று அழைக்கின்றன. சாகாதவை, கிழடாகாதவை. தனித்தனி ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் ஈன்ற குட்டி அந்த இடத்தை நிரப்பும், மந்தை சாகாது. எண்ணிக்கைக்கு மேற்பட்டுப் பெருகியது மேய்த்தவனுக்கு உரியதாயிற்று.

இந்தக் காலத்தில் மூலதனம் என்றும் வருமானம் என்றும் நாம் பிரித்துச் சொல்லுவதை ஓர் இடையனுக்கும் விளங்கும் மொழியில் அவர்கள் சொல்லிவிட்டார்கள். நெய்யைச் செலவழி, ஆட்டைத் தொடாதே. ஆட்டை அறுத்து ஒரு நாள் விருந்து வைத்தால் ஊர் புகழும். மறுநாள் விளக்கு அணையும். இந்த ஏற்பாட்டில் மிகவும் நுட்பமானது மேய்ப்பவனின் பங்கு. பணத்தைப் பராமரிக்கிறவனுக்கும் அதிலே ஓர் ஆதாயம் உண்டு என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. அளவு குறித்துக் கொடுத்தார்கள். சம்பளமின்றிக் கணக்கு எழுதும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழும் கமிட்டிகளைக் காணும்போது எனக்கு அந்த இடையனின் நினைவு வரும்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைக்கவேண்டாம். வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நிலத்தைக் கோயிலுக்கு விற்றுக்கொடுத்த ஊர்ச் சபைகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகின்றன. தருமம் கடன் கொடுக்கிறவனாக மாறும்போது கடன்பட்ட ஏழையின் நிலம் தருமத்துக்கே வந்து சேருகிறது. இந்த முள் பின்னும் பல இடங்களில் குத்தும்.

வணிகர்கள் வேறொரு வழி கண்டார்கள். அதன் பெயர் மகமை. இலாபத்தில் அல்லது சரக்கில் ஒரு சிறு பங்கைப் பொதுத் தருமத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது. பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்ற குமரப்பன் என்னும் நகரத்தார் வணிகர் 17-ஆம் நூற்றாண்டில் தம் வணிகத்தின் ஒரு பங்கைப் பழனிமலைக் கோயிலுக்கு ஒதுக்கிவைத்தார். பிற்காலத்தில் நகரத்தார் கடைகள் பர்மாவரைக்கும் சென்றபோது மகமையும் கூடவே சென்றது. தருமப் பணம் கடையின் பேரேட்டில் தனிக் கணக்காக இருந்தது. அதற்கும் வட்டி வளர்ந்தது. ஒருவகையில் ஆண்டவனே அந்தக் கடையில் பணம் போட்டவராக எழுதப்பட்டார். கடை நன்றாக நடந்தவரை இது சிறப்பான ஏற்பாடு. கடை நொடித்தால்?

நம் பக்கத்து மாவட்டமான விருதுநகரிலும், சிவகாசி, அருப்புக்கோட்டை, கமுதி முதலிய ஊர்களிலும் நாடார் உறவின்முறையார் மகமையை வேறு உருவில் வளர்த்தார்கள். பேட்டைக்கு வரும் மூட்டைக்கும் வண்டிக்கும் இவ்வளவு என்று வாங்கினார்கள். கணக்குக்குப் பொறுப்பான முறைகாரர் மாறிமாறி வந்தார். ஒருவரே ஆயுள் முழுவதும் பெட்டிச் சாவியை வைத்திருக்கவில்லை. அந்தப் பணத்திலே கிணறும் சத்திரமும் கோயிலும் எழுந்தன. பின்பு பள்ளிக்கூடங்கள் எழுந்தன. விருதுநகரின் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடுகூட வீடுவீடாகப் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் ஆதாரமாயிற்று. காமராஜர் படித்த பள்ளி அதுவே. நம்முடைய சபைகளிலும் சமைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது, இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. பிடி அரிசியின் பலம் அது சிறியது என்பதிலேயே இருக்கிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அடுப்பு தினமும் எரிகிறது. மொத்தமாகப் பெருந்தொகை கொடுக்கும் ஒரு தோட்ட முதலாளியை மட்டும் நம்பியிருக்கும் தருமத்துக்கு இந்த நிம்மதி இல்லை.

1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. பொதுப்பணத்தைச் சேர்த்துக் கணக்குச் சொல்லிப் பழகிய சமுதாயம் வங்கி நடத்தத் தொடங்கியதில் வியப்பில்லை.

இப்பொழுது மிஷன் வரலாற்றுக்கு வருவோம். 1798 பிப்ரவரியில் தஞ்சாவூரில் மரித்த சுவார்ட்ஸ் ஐயர் திருமணம் செய்துகொள்ளாதவர். கும்பெனியின் குருவாகப் பணியாற்றியதற்குக் கிடைத்த சம்பளத்தைத் தமக்கென்று செலவிடாமல் மிஷன் வேலைக்குப் பயன்படுத்தினார். தம் உடைமையின் பெரும்பகுதியை மிஷனுக்கே எழுதிவைத்தார். அவரைச் சேமிப்பாளர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் ஐதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்த 1780-களில், விலை மலிவாயிருந்த நாளிலேயே அரிசி வாங்கிவைத்திருந்தது அவர்தான். பஞ்சம் தஞ்சையை வாட்டியபோது அந்த அரிசி பலரைக் காத்தது. கோட்டைக்குத் தானியம் கொண்டுவர மாடுகள் வேண்டியிருந்தன. அரசரின் வாக்கையும் கும்பெனியின் வாக்கையும் நம்பிக் கெட்டிருந்த குடிகள் ஒருவரும் மாடு தரவில்லை. பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னபின் ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வரை வந்து சேர்ந்தன. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. அவரிடம் கையிருப்பாக இருந்தவற்றில் அந்த நம்பிக்கையே பெரிய தொகை என்பேன். ஆயினும் அரிசி இல்லாமல் நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால் கஞ்சி காய்ச்ச முடியாது.

இதற்கு எதிரான காட்சியை யாழ்ப்பாணத்தில் காணலாம். அமெரிக்க மிஷன் 1816 முதல் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிக்கூடங்களை நடத்திவந்தது. 1834-இல் அங்கிருந்தே மதுரை மிஷனும் பிறந்தது. பெரியகுளம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சுவிசேஷ வேலை வந்ததும் அந்த மதுரை மிஷன் மூலமாகத்தான். பாஸ்டனில் இருந்த சங்கம் பெரும்பாலும் அந்தந்த ஆண்டில் சபைகள் அனுப்பிய காணிக்கையைக் கொண்டே இயங்கியது. 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து பெரும் பொருளாதார நெருக்கடி உண்டாயிற்று. நியூயார்க்கில் ஒரு வணிகர் கடையை மூடினார். கடல்களைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் ஓலைச்சுவடியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள். அந்த மிஷனரிகள் சோம்பேறிகளல்ல, ஊதாரிகளுமல்ல. வந்த பணத்தை முழுவதும் வேலையிலேயே போட்டவர்கள். மெச்சத்தக்க அந்த உத்தமம்தான் கெட்ட ஆண்டில் அவர்களை வெறுங்கையோடு நிறுத்தியது. விசுவாசத்தினாலே வாழ்கிறோம், சேமிப்பு எதற்கு என்று கேட்கிற சகோதரர்களுக்கு நான் காட்டுவது இந்த 1837-ஆம் ஆண்டைத்தான். எகிப்தில் ஏழு செழிப்பான ஆண்டுகளில் களஞ்சியம் கட்டிய யோசேப்பு விசுவாசமில்லாதவன் அல்லவே!

பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயர் மூன்றாவது வழியை எடுத்தார். 1830-இல் அவர் ஏற்படுத்திய தர்ம சங்கம் சபையாரின் சந்தாவைச் சேர்த்து நிலம் வாங்கியது. விசுவாசிகளானவர்கள் நிலக்கிழார்களால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட காலம் அது. ஆகையால் அந்த நிலம் முதலீடு மட்டும் அல்ல, அதுவே தருமம். குடியிருக்க இடம், ஆலயம், பள்ளி எல்லாம் அதன்மேல் எழுந்தன. நிலத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பணத்தின் மதிப்பு குறைந்தாலும் நிலத்தின் மதிப்பு குறைவதில்லை. ஒரு பெரிய தீமையும் உண்டு: நோயாளிக்கு இன்றைக்கு மருந்து வேண்டுமானால் கால் சென்ட் நிலத்தை வெட்டிக் கொடுக்க முடியாது. அத்துடன் நிலம் விலை ஏறஏற அதைச் சுற்றிப் பகையும் ஏறுகிறது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சொத்துகளுக்கென்று தனியாக ஓர் அறக்கட்டளைச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ஓர் ஊரின் கமிட்டி தன் விருப்பப்படி மூதாதையரின் நிலத்தை விற்றுவிடாதபடி இந்த ஏற்பாடு ஒரு தடை. தடை இருந்தால் மட்டும் போதுமா என்பதை நீதிமன்றங்களில் கிடக்கும் வழக்குகளைக் கேட்டால் தெரியும்.

அரசாங்கப் பத்திரம் என்பது நான்காவது வழி. 1890-ஆம் ஆண்டின் தரும நிதிச் சட்டம் தருமப் பணத்தை அரசாங்கத்தின் பொருளாளரிடம் ஒப்படைக்க இடமளித்தது. 1900-இல் ஜெய்ப்பூர் மகாராஜா மாதோசிங் 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள அரசாங்கப் பத்திரங்களைக் கொடுத்து இந்திய மக்கள் பஞ்ச நிவாரண நிதியைத் தொடங்கினார். முதலைத் தொடாமல் வட்டியைப் பஞ்ச நிவாரணத்துக்குச் செலவிடுவது திட்டம். 96 ஆடுகளின் கணக்கேதான். ஆட்டுக்குப் பதிலாகக் காகிதம்.

காகிதத்தை யார் எழுதித் தந்தார்கள் என்பதே பெரிய கேள்வி என்று 1906 அக்டோபரில் சென்னை கற்றுக்கொண்டது. ஆர்பத்நாட் கம்பெனி அந்நாளில் அரசாங்கத்துக்கு நிகரான உறுதி உடையது என்று எண்ணப்பட்டது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், சிறு சேமிப்பாளர் என்று பலதரப்பட்டோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். பணம் வெளிநாடுகளில் ஊகத் தொழில்களில் முடங்கிப்போயிருந்தது. அக்டோபர் 22-ஆம் தேதி கதவு மூடப்பட்டது. இலண்டன் பங்காளி இரயில் முன் விழுந்து மாண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சேமிப்பு கரைந்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்? அந்தச் சாம்பலிலிருந்து வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது என்பது மட்டும் ஆறுதல்.

நம் மலைக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலோன் வங்கியும் 1937-இல் ஒன்றாகி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக விளங்கி, 1938 ஜூன் மாதத்தில் விழுந்தன. அவற்றை நடத்திய கே. சி. மாம்மன் மாப்பிள்ளை, சி. பி. மாத்தன் இருவரும் சிரியன் கிறிஸ்தவர்கள். திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் பகையே வங்கியை வீழ்த்தியது என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். நிர்வாகக் கோளாறே என்று மறுசாரார் சொல்லுவார்கள். அந்த வழக்கை நாம் தீர்க்கவேண்டியதில்லை. பணம் போட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டது. நம்முடைய ஆட்கள் நடத்துகிறார்கள், நம்முடைய விசுவாசத்தார், ஆகையால் பணம் பத்திரம் என்ற எண்ணம் இந்த மலைகளின் இருபுறமும் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆலய வாசலில் நண்பராயிருப்பவரிடம் தருமப் பணத்தை வட்டிக்குக் கொடுப்பதைவிடத் துரிதமாக நட்பையும் பணத்தையும் ஒருங்கே இழக்கும் வழி இல்லை. பாலாய் வங்கியின் வீழ்ச்சிக்குப் பின் 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் 5 இலட்சம் வரை. இருபது இலட்சத்தை ஒரே வங்கியில் ஒரே பெயரில் வைத்திருக்கும் ஒரு தருமத்துக்குக் காப்பீடு உறுதி செய்வது கால் பங்கைத்தான்.

கள்ளன் வராமல், வங்கி விழாமல், பணம் தானே கரைவதும் உண்டு. தாயின் நினைவாக 1955-இல் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு 500 ரூபாய் வைப்பு வைத்தார் என்று கொள்ளுங்கள். நூற்றுக்கு ஆறு வட்டியென்றால் ஆண்டுக்கு 30 ரூபாய். அந்நாளில் அது ஓர் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகமும் உடையும் வாங்கித் தந்திருக்கும். இன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துக்கே பற்றாது. முதல் ஒரு பைசாவும் குறையவில்லை, கணக்கில் பிழையில்லை. விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிறது. வட்டியை முழுவதும் செலவிடும் தருமம் தன் ஆட்டை அறியாமலே அறுத்துத் தின்கிறது.

உலகறிந்த நோபல் நிதிக்கே இது நேர்ந்தது. ஆல்பிரெட் நோபல் 1895-இல் எழுதிய உயிலில் பணத்தைப் பத்திரமான கடன்பத்திரங்களில் போடச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். 1901-இல் கொடுத்த முதற்பரிசின் உண்மை மதிப்பில் பாதிக்கும் கீழே பரிசு பல பத்தாண்டுகள் சுருங்கிக் கிடந்தது. 1953-இல் சுவீடன் அரசாங்கம் பங்குகளிலும் நிலத்திலும் போட அனுமதித்தபின்புதான் மெல்ல நிமிர்ந்தது. பழைய மதிப்பை எட்டியது 1991-இல். எதிர்ப்பக்கத்திலும் பாடம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் நிதியைக் காக்கும் ஆணையர்கள் 1980-களின் இறுதியில் கடன் வாங்கிக் கட்டடங்களில் துணிந்து போட்டு 80 கோடி பவுண்டு வரை இழந்தார்கள். ஓய்வுபெற்ற குருமாரின் சோறு அது.

ஒரு நீதிபதியின் தீர்ப்பு இதிலே இன்றும் நினைக்கப்படுகிறது. ஜான் மக்லீன் என்பவர் விட்டுச்சென்ற 50,000 டாலரை அறங்காவலர்கள் ஆலைப் பங்குகளில் போட்டார்கள், மதிப்பு குறைந்தது. அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த ஹார்வர்டு கல்லூரியும் பாஸ்டன் மருத்துவமனையும் வழக்குத் தொடுத்தன. 1830-இல் நீதிபதி சாமுவேல் புட்னம் வழக்கைத் தள்ளினார். எதில் போட்டாலும் முதலுக்கு அபாயம் உண்டு. விவேகமுள்ள மனிதர் தம் சொந்தக் காரியத்தை நடத்துவதுபோல் நடத்தினார்களா என்பதே கேட்கத்தக்க கேள்வி என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆம், நஷ்டம் குற்றமல்ல. கேளாமல், எழுதாமல், ஒருவரே முடிவெடுத்து வந்த நஷ்டம் வேறு.

நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு தாராளமாயில்லை. 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் வகுத்த முறையில், வரிவிலக்கு வேண்டும் தருமம் தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தருமத்துக்கே செலவிடவேண்டும். 15 விழுக்காட்டைச் சேர்த்துவைக்கலாம். அதற்குமேல் சேர்க்க விரும்பினால் இன்ன நோக்கத்துக்கு என்று முன்னதாகவே எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டுகள் வரை வைக்கலாம். அரசுப் பத்திரம், அஞ்சலகச் சேமிப்பு, அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் வைப்பு, பரஸ்பர நிதி, நிலம், கட்டடம் போன்றவை அனுமதிக்கப்பட்ட இடங்கள். சீட்டுக் கம்பெனியும் கமிட்டி அங்கத்தினரின் கடையும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டுக் காணிக்கை பெறுவோரை 2010-ஆம் ஆண்டின் சட்டம் ஊக முதலீட்டிலிருந்து முற்றிலும் விலக்குகிறது. 2020-இல் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்கர்களுக்குத் தலைவலிதான். ஆனால் யோவாஸ் அரசனின் ஆசாரியர்களைப்போல் 23 ஆண்டுகள் தூங்க இந்தச் சட்டம் யாரையும் விடாது.

எங்கே போடுகிறோம் என்பதில் இலாப நட்டத்துக்கு அப்பாற்பட்ட கேள்வியும் உண்டு. 1704-இல் இங்கிலாந்தில் ஏழைக் குருமாருக்கென்று ஏற்படுத்தப்பட்ட ஆன் அரசியாரின் நிதி, ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலேற்றி விற்ற தென்கடல் கம்பெனியில் பணம் போட்டிருந்தது. ஏழைப் போதகரின் அப்பம் விலங்கிடப்பட்டவரின் உடலிலிருந்து வந்தது. அதை ஆராய்ந்து வெளியிட்ட திருச்சபை ஆணையர்கள் 2023 ஜனவரியில் 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். இங்கே கந்து வட்டியால் வீட்டை இழந்த குடும்பத்துக்கு அரிசி கொடுக்கும் ஒரு சங்கம், தன் கையிருப்பை யாரிடம் வளர விட்டிருக்கிறது என்று விசாரிக்கவேண்டாமா?

2019-இல் விலை ஏறிய நாட்களில் வந்த காணிக்கையை அந்த ஆண்டே சுற்றுச்சுவருக்கும் நுழைவாயிலுக்கும் செலவிட்ட ஒரு தருமத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கு சுத்தம், இரசீதுகள் ஒழுங்கு. 2021-இல் ஏலக்காய் விலை வீழ்ந்து, கொரோனாவின் இரண்டாம் அலையும் சேர்ந்து வந்தபோது, தோட்டத்தில் வேலை இல்லாமல் மலையிலிருந்து இறங்கி வந்த கைம்பெண்ணுக்குக் கொடுக்க அதன் பெட்டியிலே என்ன இருந்திருக்கும்? அதே 2019-இன் பணத்தை முழுவதும் வைப்பில் போட்டுவிட்டு, முதிர்வுத் தேதி வரவில்லை என்று 2021-இல் கைவிரிக்கும் தருமம் அதைவிட மேலானதா? ஓர் ஆண்டின் கட்டாயச் செலவுக்கு ஈடான தொகை உடனே எடுக்கத்தக்கதாய் ஓரிடத்தில். அதற்கு மேற்பட்டது இரண்டு வங்கிகளில், மூன்று பேர் கையொப்பத்தில். வட்டியில் ஒரு பங்கு முதலோடு திரும்பச் சேரும்படி. எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை பண்டிகை ஏலத்துக்கு முன்பாகச் சபையாரின் காதுகேட்க வாசிக்கப்படவேண்டும். இதுவே என் எண்ணம். சேகரக் கமிட்டியில் இதற்கு மாற்றுக் கருத்துள்ள மூப்பர்கள் இருக்கிறார்கள். நுழைவாயிலும் தேவனுடைய மகிமைக்கே என்பது அவர்கள் வாதம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு தரப்பும் பேசட்டும். சபையார் கேட்டுத் தீர்மானிக்கட்டும்.